சும்மா கிடந்ததா?

மாத்தளையில் ஒரு மாணவன் பள்ளி விடுமுறையிலே கணினி விளையாட்டு ஒன்றை ஆக்க முனைகிறான் என்று வைத்துக்கொள்வோம். கணக்கும் கட்டளையும் எழுத அவனுக்குத் தெரியும். படம் வரையத் தெரியாது. குதிரையின் குளம்பொலிக்கு எங்கே போவான்? இணையத்தில் கண்ணிற் பட்டவற்றை எடுத்துச் சேர்த்துவிடுகிறான். கேட்டால், "சும்மாதானே கிடந்தது!" என்கிறான்.

நேயர்களே, அது சும்மா கிடந்ததன்று. யாரோ ஒருவருடைய உழைப்பு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியமும் இசையும் ஆக்கப்பட்ட கணமே ஆக்கியோனுக்கு உரியனவாகின்றன. பதிவு செய்தலும் வேண்டியதில்லை. பொதுவாக அவர் ஆயுட்காலமும், அதன்பின் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும்.

அப்படியாயின் பொருள் வசதியற்ற மாணவன் என் செய்வான்? அவனுக்கெனத் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. பார்சிலோனா நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் 2005இல் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' ஓசைகளின் களஞ்சியம். 2009இல் தோன்றிய 'ஓப்பன்கேம்ஆர்ட்' விளையாட்டுக்கான படங்களின் களஞ்சியம். இரண்டிலும் விலையில்லை; ஆனால் ஒவ்வொரு பொருளோடும் கொடுத்தவரின் சொல் ஒன்று எழுதப்பட்டிருக்கும். "என் பெயரைக் குறிப்பிடுக" என்பார் ஒருவர். "விற்பனைக்குப் பயன்படுத்தற்க" என்பார் மற்றொருவர். "திருத்தி அமைத்ததையும் இவ்வாறே பிறர்க்கு வழங்குக" என்பார் வேறொருவர். "ஒன்றும் வேண்டா, கொண்டு செல்க" என்போரும் உளர். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 முதல் வகுத்துவரும் உரிமங்களே பெரும்பாலும் இச்சொற்களுக்கு அடிப்படை. எடுக்குமுன் அவற்றைப் படித்தல் கடமை.

மாத்தளையார்க்குப் பகிர்வின் பெருமை புதிதன்று. வாய்மொழியாய் வழங்கிய திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்குள்ள அலுவிகாரையிலேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் நூலகம் அழிந்தது, நூலோ அழியவில்லை. பிரதிகள் பிறவிடங்களிற் பரவியிருந்தமையே காரணம். பகிர்ந்தது பிழைத்தது!

ஆகவே, பிள்ளைகளே, எடுப்பதோடு நில்லாதீர்கள். முத்துமாரியம்மன் கோயில் மணியோசை, தகரக் கூரையில் மழை விழும் சத்தம், நக்கிள்ஸ் மலைப் பறவைகளின் குரல் இவற்றைக் கைப்பேசியிற் பதிந்து உலகுக்கு வழங்கலாமே! நாதசுர வித்துவானின் வாசிப்பாயின், முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். விளையாட்டின் முடிவில், உதவினோர் பெயர்களை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தண்ணீர்ப் பந்தலிற் குடித்தவன் மறுநாள் ஒரு குடம் கொணர்ந்து ஊற்றினாலன்றோ, அடுத்து வருவோனின் தாகம் தீரும்!