மண்ணைக் கேளாத மதிப்பீடு

பழனிக்கு அருகே, பாலசமுத்திரத்தை அடுத்த மலையடிவாரத்தில், பாலாறு–பொருந்தலாறு அணை நிற்கிறது. 65 அடி நீரைத் தேக்கிக் கழனிகளை வாழவைக்கும் அணை! காண்போர் கண்ணுக்குக் கரை தெரிகிறது. கரைக்கு அடியில் கிடக்கும் மண்ணும் பாறையும் தெரிவதில்லை. ஆனால் தோழர்களே, நீரைத் தாங்குவது கரை மட்டுமன்று. கரையைத் தாங்கும் நிலமும்தான்! அந்த நிலத்தின் ஊடே எவ்வளவு நீர் கசியும் என்று அறிந்த பிறகன்றோ அணையாயினும் பாலமாயினும் அடிக்கல் நாட்ட வேண்டும்? அடிக்கல் முன்னே, ஆய்வு பின்னே என்றால், அது கட்டுமானமா, கண்கட்டு வித்தையா?

அறிவது மந்திரமன்று. மண்ணில் துளையிட்டு நீர் ஊற்றுகிறார்கள். மட்டம் குறையாதிருக்க எவ்வளவு நீர் வேண்டும், அல்லது ஊற்றிய நீர் எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். பாறையானால், துளையின் ஒரு பகுதியை ரப்பர் அடைப்பான்களால் தனிப்படுத்தி, அழுத்தத்தோடு நீரைச் செலுத்துகிறார்கள். 10 பார் அழுத்தத்தில், மீட்டருக்கு நிமிடம் ஒரு லிட்டர் புகுந்தால் அது ஒரு லுஜான். சுவிட்சர்லாந்து நிலவியலறிஞர் மாரிஸ் லுஜான் 1933-இல் தந்த அளவு அது. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கினால், வெடிப்பு அகலுகிறதா, அதில் அடைந்த களிமண் அரித்துப் போகிறதா என்பதும் வெளிப்படும். ஐ.எஸ். 5529 என்ற இந்தியத் தர விதி, மண்ணுக்கும் பாறைக்கும் தனித்தனியே இந்த முறைகளை வகுத்திருக்கிறது. ஏட்டில் இருப்பது களத்தில் இருக்க வேண்டாமா?

"கருங்கல் பூமிக்குச் சோதனை எதற்கு?" என்பர் சிலர். கல்லுக்குள் நீர் புகாது. கல்லின் வெடிப்புக்குள் புகுமே! "செலவு, காலதாமதம்" என்பர் வேறு சிலர். அவர்களுக்கு அமெரிக்காவின் டீட்டன் அணை விடை கூறும். அங்கே சோதனை நடந்தது. பாறை நீரை மடமடவென்று குடித்தது. தோண்டும்போது பெரும் வெடிப்புகளும் கண்ணில் பட்டன. அத்தனையும் அடைக்கப்படவில்லை. 1976 ஜூன் 5 அன்று, முதன்முறை நீர் நிரம்பும்போதே அணை உடைந்தது. 11 உயிர்கள் போயின, ஊர்கள் அழிந்தன. நிலம் பேசியது, அதிகாரம் செவி சாய்க்கவில்லை!

கடலுக்கு அப்பால், இலங்கையின் சமனலவெவ அணையும் பாடம் சொல்கிறது. வலது கரையின் சுண்ணாம்புப் பாறைக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தித் திரை அமைத்தும், 1992-இல் கசிவு பீறிட்டது. ஒரு துளையில் கிடைத்த எண்ணை மலை முழுவதற்கும் ஒட்டிவிட முடியாது என்பதே அதன் பொருள். துளைகளின் எண்ணிக்கையை டெண்டர் தொகை நிர்ணயிக்கலாகாது. நிலத்தின் இயல்பு நிர்ணயிக்க வேண்டும்.

இந்த அளவு அணைக்கு மட்டும் உரியதன்று. அணைக்கு அடியில் நீர் கசியாதிருக்க வேண்டும். கிணறுகள் வற்றும் திண்டுக்கல் சமவெளியில் கசிவுநீர்க் குட்டை வெட்டினால், நீர் கசிந்தே ஆகவேண்டும்! சோதிக்காமல் வெட்டிய குட்டை களிமண்ணில் அமைந்தால், நீர் வெயிலில் வற்றும். கிணறு காய்ந்தே கிடக்கும். கணக்கில் வேலை முடிந்திருக்கும். உழவன் கண்ணீர் முடிந்திராது.

தவறினால் துன்புறுவோர் யார்? மதிப்பீட்டில் கையொப்பமிட்டவரா? பில் தொகை பெற்ற ஒப்பந்தக்காரரா? இல்லை! அணைக்குக் கீழே குடிசை கட்டியவன். கடன்பட்டுக் கிணறு வெட்டியவன். இடியும் குழிக்குள் இறங்கி வேலை செய்யும் தொழிலாளி! துன்பம் அவனுக்கு என்றால், அறியும் உரிமையும் அவனுக்கே!

ஆகவே கேட்கிறோம்: டெண்டருக்கு முன் சோதனை நடக்கட்டும். எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நீர் புகுந்தது என்பவை தமிழில், பணியிடத்திலேயே எழுதி வைக்கப்படட்டும். தோழர்களே, உங்கள் ஊரில் பெருங்கட்டுமானம் எழுந்தால், கிராம சபையில் அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. கல்வெட்டில் யார் பெயர் என்பதல்ல நம் கேள்வி; கல்லுக்கு அடியில் என்ன என்பதே நம் கேள்வி!