திருப்பிக் கொடுப்பது யார்?

2004 சுனாமி பாசிக்குடாக் கரையையும் தாக்கிய பின், இலங்கையர் 'சகானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதி, எவரும் பாவிக்கலாம் என்று விட்டார்கள். அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது பயன்பட்டது. முன்பின் அறியாதவர் நம் செய்நிரலை எடுக்கும்போது அவருக்கு வழிகாட்டுவது விளக்கக் குறிப்புத்தான். நம்மில் பலர் அதை வெறும் எழுத்து வேலை என்கிறோம். எனக்கு உடன்பாடில்லை.

சி மொழியைப் பாருங்கள். (உயர்தரத்தில் நாம் படிக்கும் பைதனில் இந்தத் தொல்லை இல்லை.) அதன் நூலகத்திலுள்ள 'ஸ்ட்ரடப்', 'கெட்என்வ்' இரண்டும் ஒரே வகைப் பாயிண்டரைத்தான் தருகின்றன. சுட்டி என்றால் மௌஸ் என்று நினைப்பீர்கள், அதனால் பாயிண்டர் என்றே எழுதுகிறேன். முதலாவது தரும் நினைவக இடத்தை வேலை முடிந்ததும் நாமே விடுவிக்க வேண்டும்; மறந்தால் இடம் வீணாகும். இரண்டாவது தருவது அமானிதம். அதில் கைவைக்கவே கூடாது. விடுவித்தால் செய்நிரல் இடையில் நின்றுவிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசத்தைக் கையேட்டின் ஒரு வரிதான் சொல்கிறது.

அந்த வரி இல்லாத நூலகம் எழுதி முடிக்கப்படாத நூலகம் என்பேன். பெற்றோரே, உங்கள் மகள் கணினி முன் பந்தி பந்தியாகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தால், அதையும் கணினி வேலையாகவே கணக்கில் எடுங்கள்.