நீருக்கேற்ற ஓடம்

"திண்டுக்கல்லிற் பிறந்தவர்க்குப் படகைப்பற்றி என்ன பேச்சு?" என்று விடுதி நண்பரொருவர் என்னை நகையாடினார். அவர் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. பூட்டும், புகையிலையும், தோல் பதனிடுதலுமே எம் ஊருக்குப் பெயர் தேடித்தந்த தொழில்கள்; கடலோ நெடுந்தொலைவில் உள்ளது. எனினும், சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட எம் சமவெளியில் குளங்களும் கண்மாய்களும் பல உள; ஆத்தூர்ப் பக்கத்தே காமராசர் நீர்த்தேக்கம் உளது. உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன. அவர்கள் ஓர் ஓடம் வாங்குவது பெரும்பாலும் கடன்பட்டேயாம். தகாத ஓடத்தை வாங்கியவன் கடனில் மூழ்குகின்றான். சில வேளைகளில் நீரிலும் மூழ்குகின்றான். ஆதலின், எந்நீருக்கு எவ்வோடம் தக்கது என்பது விளையாட்டு வினா அன்று.

தமிழ் பயில்வோர் இவ்வினாவிற்கு விடையைத் தம் மொழியிலேயே காணலாம். புணை, தெப்பம், அம்பி, பஃறி, திமில், தோணி, வங்கம், நாவாய் என மிதப்பனவற்றிற்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் பல. இவை நிகண்டினை நிரப்புதற்கு எழுந்த வெறுஞ்சொற்கள் அல்ல. திமில் பரதவர் மீன்வேட்டைக்குச் செலுத்தியது. வங்கமும் நாவாயும் பெருங்கடல் கடந்து வாணிகம் செய்தவை. நீர் வேறு, தொழில் வேறு எனவே கலமும் வேறாயிற்று. கட்டுமரத்தை நோக்குமின்! துறைமுகம் இல்லாத சோழமண்டல மணற்கரையில் அலை ஓயாது மோதும். அங்கே குழிந்த படகில் நீர் புகுந்து நிறைந்துவிடும். கட்டுமரமோ கயிற்றாற் பிணித்த மரங்களே ஆதலின், மேலே ஏறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்து போகின்றது. ஆங்கிலேயர் இப்பெயரைத் தம் மொழியில் ஏற்று, பின்னர் இரண்டு உடல்கள் இணைந்த வேறொரு கலத்திற்கு அதனைச் சூட்டிவிட்டனர்.

கடற்கரைக்குக் கட்டுமரம் எத்தகையதோ, உள்நாட்டு நீர்நிலைக்குப் பரிசல் அத்தகையது. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாக முடைந்து, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் நெகிழித்தாளும் தாரும் கொண்டு மூடிய பெருங்கூடையே பரிசல். 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீனவர் வலை வீசுவது இதிலிருந்தே. முழங்காலளவு நீரிலும் இது மிதக்கும். ஒருவரே இதனைத் தலைமேற் கவிழ்த்துச் சுமந்து ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்குச் செல்லலாம். கிழிந்தால் உரிமையாளரே ஒட்டிக்கொள்ளலாம்.

எங்கள் குளங்களின் இயல்பை அறிந்தோர்க்கு இவை எத்துணைப் பெரிய நன்மைகள் என்பது விளங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பும் குளம் மாசி பங்குனியில் சுருங்கிவிடும். அடியிற் சேறு, இடையிடையே சீமைக்கருவேல மரத்தின் கட்டைகள், மேலே ஆகாயத்தாமரை. இவற்றினிடையே ஒளிந்து வாழ்வது விரால். அது பதுங்கியிருந்து இரை கவரும் மீன். காற்றை உட்கொள்ள நீர்மேல் வந்து, சிற்றொலி கேட்பினும் மறைந்துவிடும். அதனை அணுகுவோர்க்கு விரைவினும் அமைதியே வேண்டும். வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்னும் பெருமீனும் இவ்வாறே நீர்ப்பூண்டுகளிற் பதுங்குவது. அதனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர், நாள் முழுதும் நின்று எறிதற்கேற்ற அகன்ற தளமும், பேரேரியின் அலையைத் தாங்கும் உயர்ந்த விலாவும் உடைய படகை நாடுகின்றனர். அவர்கள் ஏரிக்கு அது தக்கது. எங்கள் கண்மாய்க்கு அது சுமை.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். என் தாய்மாமன் கண்மாயொன்றில் மீன்பாசி குத்தகை எடுத்தார். பரிசலில் ஏறுவது தம் மதிப்புக்குக் குறைவென எண்ணி, கடன் வாங்கி, கடற்கரையூரிலிருந்து இயந்திரம் பூட்டிய நாரிழைப் படகொன்றை வண்டியில் ஏற்றிக் கொணர்ந்தார். ஊரே திரண்டு வந்து வியந்தது. கரையில் நின்ற முதிய மீனவர் ஒருவர் மட்டும், "குளம் வற்றும் ஐயா, படகு வற்றுமோ?" என்று வினவினார். தை பிறந்ததும் இயந்திரத்தின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. மாசியில் படகு சேற்றில் அமர்ந்தது; அதனை இழுக்க அறுவர் வேண்டியிருந்தது. குத்தகை முடியுமுன் படகைப் பாதி விலைக்கு விற்றார். கடன் எஞ்சியது. அவ்வாண்டு அவர் மகள் படிப்பை நிறுத்தி நூற்பாலை வேலைக்குச் சென்றாள். அம்முதியவரோ தம் பரிசலைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு அடுத்த கண்மாய்க்குப் போயினார்.

பரிசலிற் குறையே இல்லையென யான் வாதிடவில்லை. அடிக்கட்டை இல்லாமையால் அது சுழலும். ஆடிக்காற்று வீசுங்கால் அகன்ற நீர்த்தேக்கத்தின் நடுவில் அதனைக் கரைசேர்ப்பது அரிது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றினால் கவிழும். ஆழமும் பரப்பும் மிக்க நீர்த்தேக்கத்திற் காற்றுக் காலத்தில் வலையிடுவோர்க்கு வன்மையான படகே ஏற்றது. பரிசலில் ஏறுவோர் யாவரும் உயிர்காப்பு உடுப்பு அணிதலும் இன்றியமையாதது. இனி, கோடையில் நீர் முழங்காலளவு வற்றியபின் நத்தம் முதலிய பக்கங்களில் ஊரார் திரண்டு மீன்பிடித் திருவிழா நடத்துவர். அன்று ஊத்தாவும் கைவலையும் போதும், ஓடமே வேண்டுவதில்லை. இதுவும் ஒரு தேர்வே.

படகு வாங்குவோரினும் வழங்குவோர் இதனை மிகுதியும் சிந்தித்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின், இரக்கமுள்ளோர் பலர் நாரிழைப் படகுகளை வாரி வழங்கினர். அவர்தம் அன்பைக் குறைகூற எவர்க்கும் மனம் வாராது. ஆயினும் அவற்றுட் சில தரங்குறைந்தவை; சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியவை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அக்காலத்திலேயே இதுபற்றி எச்சரித்தது. பரிசில் என்னும் சொல் தமிழில் கொடைக்கும் பெயர், ஓடத்திற்கும் பெயர். வருவோரையெல்லாம் ஒருபடியாக நோக்காது அவரவர் தகுதி கண்டு பரிசில் நல்குக எனக் கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு அறிவுறுத்தினார். ஓடமாகிய பரிசிலுக்கும் அவ்வறிவுரை பொருந்தும். கொடுக்குமுன் மீனவரைக் கேட்பதே அத்தகுதி காணும் வழி.

1986-ஆம் ஆண்டில் வறட்சியால் கலிலேயாக் கடலின் நீர் தாழ்ந்தபோது, சேற்றினின்று ஒரு பழம்படகு வெளிப்பட்டது. அஃது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது, நீளம் சுமார் 8 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். கரையருகே மீன்பிடித்தற்கேற்ற தட்டையான அடியுடையது. பத்துக்கு மேற்பட்ட மரவகைகள் அதில் உள. கிடைத்த மரத்தைக்கொண்டு மீண்டும் மீண்டும் செப்பனிட்டிருக்கின்றனர். நம் ஆண்டவர் அமர்ந்து போதித்த படகும் இத்தகையதாகவே இருந்திருக்கலாம். அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. அவ்வேரிக்கு அது போதுமானதாயிருந்தது.

ஆகவே, ஓடம் தேர்வோர் மூன்றினை வினவுக. இந்நீர் எத்தனை மாதம் நிற்கும்? இதில் வாழும் மீன் எத்தகையது? செலுத்தும் கை எவருடையது? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் விலையை வினவலாம். ஊரார் என் சொல்வர் என்பதை வினவவே வேண்டா. நம் மாணவருள் பலர் நாளை அலுவலராகவும், ஆசிரியராகவும், திருச்சபைத் தொண்டராகவும் சிற்றூர்களுக்குச் செல்வர். அவர்கள் எவருக்கேனும் ஓடமொன்று வாங்கித்தர எண்ணுங்கால், முதலிற் குளக்கரைக்குச் சென்று, ஆங்குள்ள முதியவரிடம் கேட்பாராக.