தூங்கிப்போகும் தொடை

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கத்துக்காரர்கள் இறங்கிவரும் ஊர் அது. மலையில் ஏறி இறங்குகிறவருக்கு முழங்கால்தான் வண்டி, அதுதான் பிழைப்பு.

அவர்களில் ஒருவர் சறுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியம் ஆயிற்று, வீக்கம் வடிந்தது, வலியும் போயிற்று. ஆனால் எழுந்து நடந்தால் கால் மடங்குகிறது! அடிபட்ட பக்கத்துத் தொடை இளைத்துக் கிடக்கிறது. "சரியாகச் சாப்பிட்டால்தானே!" என்கிறாள் பாட்டி. பாவம், சாப்பாட்டின் மேல் பழி!

அடிபட்டது மூட்டு, தண்டனை தொடைக்கு! மூட்டு வீங்கியதும் அங்குள்ள நரம்புகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. உடனே தொடைத் தசைக்குப் போகும் உத்தரவு மட்டுப்படுகிறது. 1965-இல் டி ஆண்ட்ரேட், கிராண்ட், டிக்ஸன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் முழங்கால் மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். தொடைத் தசை அடங்கிவிட்டது. காயம் ஆறிப் பல மாதம் ஆன பிறகும், மூளையிலிருந்து தசைக்குப் போகும் பாதை பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வலி போனாலும் தூக்கம் கலையவில்லை!

மூளைக்கும் தசைக்கும் மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்கும் வித்தை, பக்கத்திலுள்ள வேலூருக்குப் பழையது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு நல்ல தசைநார்களை இடம் மாற்றித் தைத்தார். தைத்துவிட்டால் போதுமா? பழைய தசையிடம் புது வேலை வாங்க நோயாளி பயிற்சி செய்தாகவேண்டும். 1954-இல் விபத்தில் கால்கள் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே இத்தகைய அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூர் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது முழங்காலில் அடிபட்டால், வலி நின்றதும் பயிற்சியை நிறுத்த விடாதீர்கள். வைத்தியர் அநுமதித்த பின், காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கச் சொல்லுங்கள். ஐந்து எண்ணி விடவேண்டும். செலவு? ஒரு துண்டுதான்!

"வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், இரண்டு தொடையிலும் சம பலம் வந்துவிட்டதா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள். மலை இறங்கும்போது உடம்பைத் தாங்குவது அந்தத் தசைதானே!