ஹவா சிங் முதல் வரிசை வீரரா?

'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் 2021-இல் வெளிவந்த பிறகு, புனேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் குத்துச்சண்டைப் பேச்சு தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. வடசென்னையில் தொடங்கும் பேச்சு, முகமது அலி, மைக் டைசன் என்று சுற்றிவிட்டு, "நம் நாட்டில் அப்படி யார் இருந்தார்கள்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். யாராவது ஹவா சிங் பெயரைச் சொல்வார். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அவருடைய அடி ஒன்று போதும், எதிரி எழுந்திருக்க மாட்டான். உலகத்தரம் என்றால் அதுதான்" என்பது ஒரு கட்சி. "அடி பலமாக இருந்தால் ஆயிற்றா? ஆசியாவைத் தாண்டி அவர் என்ன சாதித்தார்?" என்பது எதிர்க்கட்சி.

இரண்டு கட்சியுமே அவசரப்படுகின்றன என்பது என் கருத்து.

முதலில் விவரங்களைப் பார்ப்போம். இன்றைய ஹரியானாவில் 1937-இல் பிறந்த ஹவா சிங், 1956-இல் ராணுவத்தில் சேர்ந்தவர். 1961-இல் தொடங்கி 11 முறை தொடர்ச்சியாகக் கனஎடைப் பிரிவின் தேசியப் பட்டத்தை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். 1966, 1970 ஆகிய இரு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வென்றார். இரண்டும் பாங்காக்கில் நடந்தவை. அடுத்தடுத்த இரு ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். இவர் வெறும் அடி பலத்தால் வென்றவரா? அந்நாளைய அமெச்சூர் குத்துச்சண்டையில் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். ஆக மொத்தம் ஒன்பதே நிமிடம். தாடையைப் பெயர்க்கும் குத்துக்கும், சுத்தமாக விழுந்த சாதாரணக் குத்துக்கும் நடுவர் கணக்கில் ஒரே மதிப்புதான். எதிரியைக் கீழே வீழ்த்தினாலும் தனி மதிப்பெண் கிடையாது. ஒரே ஓர் அடியை நம்பி மேடையேறுகிறவனை, விவரம் தெரிந்த எதிரி ஒன்பது நிமிடம் ஓடி ஓடியே தோற்கடித்துவிடலாம். மேலும், ஒருவர் தொடர்ந்து வெல்ல வெல்ல, நாட்டிலுள்ள எல்லாப் பயிற்சியாளர்களும் அவருடைய கையைப் படித்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் பதினோரு முறை பட்டம் அவரிடமே இருந்தது என்றால், கால் அசைவு, இடைவெளிக் கணக்கு, மூச்சு, பொறுமை எல்லாம் இருந்திருக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டி 1970-இல் இரண்டாவது தங்கம் வந்தது. அடி மட்டும் தெரிந்தவனுக்கு அந்த வயதில் அது வராது.

அடியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டியான்டே வைல்டர் கண்முன் உள்ள உதாரணம். 2015 முதல் 2020 வரை உலகக் கனஎடைப் பட்டங்களில் ஒன்றை வைத்திருந்தார். பட்டத்தை இழப்பதற்கு முன் ஆடிய 43 சண்டைகளில் 42 வெற்றி, அவற்றில் 41 நாக்-அவுட். அவர் வலக்கையைப் போன்ற ஒரு கை அபூர்வம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கிலாந்தின் டைசன் ஃப்யூரியை 2018-இல் இருமுறை வீழ்த்தியும், அவர் எழுந்து வந்து சண்டையைச் சமனில் முடித்தார். 2020-இல் வைல்டர் ஏழாவது ரவுண்டில் தோற்றார். 2021-இல் மறுபடியும் ஃப்யூரியை இருமுறை வீழ்த்தினார், மறுபடியும் தோற்றார். அடி வாங்கியவன் எழுந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

ஜார்ஜ் ஃபோர்மனைப் பாருங்கள். அவரும் இடிபோல் அடிப்பவர்தான். 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தார். இருபது ஆண்டு கழித்து, 1994-இல், 45 வயதில் உலகப் பட்டத்தை மீட்டார். அன்றும் அடித்துத்தான் வென்றார். ஆனால் பத்தாவது ரவுண்டு வரை பொறுத்திருந்து அடித்தார். முதல் வரிசை என்பது இதுதான்.

இரண்டாவது கேள்வி கடினமானது. ஹவா சிங் உலக அளவில் முதல் வரிசையா? அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் நடந்த ஒலிம்பிக்குகள் இரண்டு. 1964 டோக்கியோவில் கனஎடைத் தங்கம் ஜோ ஃப்ரேஸியருக்கு. 1968 மெக்ஸிகோவில் அதே ஃபோர்மனுக்கு. இருவருமே பின்னாளில் உலக சாம்பியன்கள். இந்த இரண்டு ஒலிம்பிக்குக்கும் இந்தியா குத்துச்சண்டை வீரர்களை அனுப்பவே இல்லை. அனுப்பியிருந்தால் வென்றிருப்பார் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. தோற்றிருப்பார் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. ஆசியாவில் கனஎடை வீரர்கள் அந்நாளில் குறைவு என்பது உண்மை. அதற்கு அவர் என்ன செய்வார்? எதிரே நிறுத்தப்பட்டவரைத்தானே அவர் வெல்ல முடியும்?

ரயில்வேயில் புதுப் பாலம் ஒன்றைக் கட்டினால், எஞ்சினை ஏற்றி நிறுத்தி, கர்டர் எவ்வளவு வளைகிறது என்று அளப்பது உண்டு. பாரம் ஏற்றாமல் "இது தாங்கும்" என்று எந்த எஞ்சினியரும் எழுதித் தர மாட்டார். "தாங்காது" என்று தள்ளவும் மாட்டார். ஹவா சிங்கின் மீது அந்தப் பாரத்தை நாம் ஏற்றவே இல்லை. ஆகவே ஆசியாவில் முதல் வரிசை என்று தயங்காமல் எழுதலாம்; உலக அளவில் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதுவதே நேர்மை. அந்தக் குறை வீரருடைய கணக்கில் சேராது, அனுப்பாதவர்களின் கணக்கில்தான் சேரும்.

அவர் அந்தக் குறையோடு முடங்கிவிடவில்லை. ஓய்வுக்குப் பின் பிவானியில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். துரோணாச்சாரியார் விருது அறிவிக்கப்பட்டும் அதைக் கையில் வாங்கு முன்னரே 2000 ஆகஸ்டில் காலமானார். அவர் வேர் ஊன்றிய பிவானியிலிருந்து புறப்பட்ட விஜேந்தர் சிங், 2008-இல் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. வைல்டரும் அதே பெய்ஜிங்கில் தம் எடைப் பிரிவில் வெண்கலம்தான் வென்றார். போட்டிக்கு அனுப்பினால் நம் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதை நம் இல்லங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். காலனியில் கராத்தே வகுப்பில் பெல்ட் வாங்கியதும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். மாவட்டப் போட்டி என்று பயிற்சியாளர் சொன்னால், "பரீட்சை வருகிறது" என்று நிறுத்திவிடுகிறோம். பிறகு நாமே, "அவனுக்கு அந்த அளவு திறமை இல்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். ராணுவ விளையாட்டுக் கழகம் 2001 முதல் நம் புனேயிலேயே குத்துச்சண்டை வீரர்களை உருவாக்கி வருகிறது. அங்கே சேர்வது எல்லோருக்கும் இயலாது. ஆனால் ஒரு மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது எந்தப் பெற்றோருக்கும் இயலும். பிள்ளை தோற்றுத் திரும்பினாலும் பரவாயில்லை. எங்கே நிற்கிறோம் என்பதாவது அவனுக்குத் தெரியும். ஹவா சிங்குக்கு அது தெரிய வாய்ப்பே தரப்படவில்லை.