பேட்டரி டிரில்: வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்

குலசேகரம் ரப்பர் தோட்டத்துக் கொட்டகையோ, தோவாளை வயலின் மோட்டார் அறையோ, வயர் இழுக்க முடியாத இடத்தில் பேட்டரி ஹேமர் டிரில் கைகொடுக்கும். ஆனால் 18 வோல்ட்டைவிட 20 பெரிது என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டிலும் 5 லித்தியம் செல்தான். முழு சார்ஜில் அளந்தால் 20, வேலை நேரத்துச் சராசரி 18. மரச்சட்டம், திருகு, செங்கல் சுவரில் சிறு துளை என்றால் 12 வோல்ட்டே போதும், கைக்கும் பாரமில்லை. கான்கிரீட் தூணோடு இவற்றை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

என்னைக் கேட்டால், டிரில்லைவிட பேட்டரியைத்தான் விசாரிக்க வேண்டும். அதே பேட்டரி கிளை வெட்டும் ரம்பத்துக்கும் பொருந்துமா? தனியாக வாங்கினால் என்ன விலை? நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் உண்டா? கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.