தேதியில்லாத நினைவு வேண்டாம்: உரையாடல் செயலிகளின் நீண்டகால நினைவு குறித்து எங்கள் படிப்பகத்தின் நிலைப்பாடு

திருவண்ணாமலையில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் ஞாயிறு மாலை கூட்டம் அதிகம். மறுநாள் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று மனு எழுத வருகிறார்கள். எங்கள் தொண்டர்கள் கேட்டு எழுதித் தருகிறார்கள். சில காலமாக ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரையும் துணைக்கு வைத்திருக்கிறோம்.

இந்த அறிக்கை எழுதக் காரணம் ஓர் அம்மா. கணவரின் சிகிச்சைக்கு உதவி கேட்டு முதலில் வந்தார். சில மாதம் கழித்து விதவை உதவித்தொகைக்கு மனு எழுத வந்தார். செயலி தந்த வரைவில் "சிகிச்சை பெற்றுவரும் என் கணவர்" என்று இருந்தது. சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த தொண்டர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரார் எல்லோருக்கும் ஒரே கணக்கைப் பயன்படுத்தியதும், நினைவு வசதி இயங்குகிறதா என்று பார்க்காமல் விட்டதும் எங்கள் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் தவறு எங்களோடு முடியவில்லை.

இந்தச் செயலிகள் நம்மோடு பேசப் பேசக் கற்றுக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. முன்பு பேசியவற்றிலிருந்து சிறு குறிப்புகளை எடுத்துத் தனியே சேமித்துவைத்து, புதிய கேள்வி வரும்போது பொருத்தமானவற்றைத் தேடி எடுத்து, அந்தக் கேள்விக்கு முன்னால் ஒட்டிப் பதில் எழுதும் மொழி மாதிரிக்கு அனுப்புகிறார்கள். ஒரே நேரத்தில் மாதிரி வாசிக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதே செய்திக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். எனவே சுருக்குகிறார்கள். சுருக்கும்போது முதலில் உதிர்வது எது? எப்போது சொன்னது, யார் சொன்னது, எந்தச் சூழலில் சொன்னது என்பவைதான். "கணவருக்குச் சிகிச்சை நடக்கிறது" என்ற மூன்று சொல் நிற்கும், அது எந்த மாதத்து உண்மை என்பது நிற்காது.

இவை உதிராத பதிவு எங்கள் ஊரிலேயே உண்டு. அண்ணாமலையார் கோயில் சுவரில் சோழர், போசளர், விஜயநகரத்தார் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு என்றால் அரசன் பெயர், அவன் ஆட்சியாண்டு, கொடுத்தவர், பெற்றவர், எதற்காகக் கொடுத்தது என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்கும். அணையா விளக்குக்கு ஆடு விட்ட செய்திகளில் "சாவா மூவாப் பேராடு" என்று ஒரு வழக்கு வரும். ஆடு சாகாது என்று யாரும் நம்பவில்லை. செத்ததைக் குட்டியால் ஈடுசெய்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதே பொருள். கல்லில் வெட்டிய பிறகும் மந்தையைப் பராமரிக்க ஆள் வேண்டியிருந்தது. செயலியின் நினைவுக்கு அந்த ஆள் இல்லை. நாங்கள் கேட்பது அந்தப் பராமரிப்பைத்தான்.

நினைவே கூடாது என்பது எங்கள் கட்சி அல்ல. பட்டா தகராறில் ஐந்து வருஷமாக அலையும் ஒரு பூ வியாபாரிக்குச் சர்வே எண்ணையும் பழைய மனுக்களின் வரிசையையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வது பெரும் பாடு. அவருக்கு நினைவு வேண்டும். எனவே அவர் "இதை வைத்துக்கொள்" என்று சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு குறிப்போடும் சொன்ன தேதி இருக்கட்டும். அவர் வாயால் சொன்னது எது, இயந்திரம் ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டட்டும். நோய், குடும்ப நிலை, முகவரி போன்று மாறக்கூடியவற்றைப் பயன்படுத்தும் முன் "இன்னும் அப்படித்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும் ஒவ்வொரு முறையும் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்கத்தான் செய்கிறார். யாரும் அதைத் தொல்லையாக நினைப்பதில்லை.

சாதி, மதம், நோய் ஆகியவற்றைப் பேச்சிலிருந்து ஊகித்துக் குறித்துவைப்பதை நாங்கள் முற்றாக எதிர்க்கிறோம். கோத்திரத்தைச் சொன்னவர் பூஜைக்காகச் சொன்னார். அது வேறொரு நாள் கடன் விண்ணப்பத்துக்கான பதிலில் எட்டிப்பார்க்கக் கூடாது.

அழிப்பது பற்றியும் தெளிவு வேண்டும். சாட்ஜிபிடியில் நினைவு வசதி 2024 பிப்ரவரியில் சோதனையாக வந்தது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் அனைத்தையும் பார்த்துப் பதில் சொல்லும் அளவுக்கு விரிந்தது. அதில் ஓர் உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து எடுத்த குறிப்பு தங்கிவிடலாம், அதைத் தனியே அழிக்க வேண்டும். 2025 மே மாதம், பத்திரிகை நிறுவனம் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பத்திரப்படுத்தும்படி சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு நியூயார்க் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில மாதம் அது நடப்பில் இருந்தது. அழி என்ற பொத்தானுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதைச் சாமானியருக்குப் புரியும் தமிழில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிழை திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒப்புதலுக்கான அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் தருகிறது. தமிழ் அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நினைவுப் பட்டியலையும் இதே வரிசையில் வைத்துத் தமிழில் காட்டும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறோம். இ-சேவை மையங்களிலும் பிரௌசிங் சென்டர்களிலும் பலர் கைமாறும் கணினிகளில் இந்த வசதி தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும்.

எங்கள் அளவில் செய்தது இது. படிப்பகக் கணினியில் நினைவு வசதியை அணைத்துவிட்டோம். சேர்ந்திருந்த குறிப்புகளையும் பழைய உரையாடல்களையும் தனித்தனியே அழித்தோம். மனு எழுத வரும் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று தருகிறோம். மனுவின் விவரம், கொடுத்த தேதி, ரசீது எண், அதிகாரி சொன்ன பதில் எல்லாம் அதில் எழுதப்படும். நோட்டு அவர்கள் வீட்டில் இருக்கும். அடுத்த முறை வரும்போது கொண்டுவந்தால், வேண்டிய பக்கத்தை மட்டும் திறந்து, அவர்கள் பார்க்கவே தட்டச்சு செய்வோம்.